ஊர் வைத்த தீ

பாடப்புத்தகத்தில் வசந்தம் வந்தால் குயில் கூவும், மாமரம் துளிர்க்கும். கொல்லிமலையில் மாசி பங்குனி வந்தால் வாசலில் மிளகு காயும், ஊற்று இளைக்கும், எங்காவது ஒரு சரிவில் புகை எழும். பிள்ளைகளுக்குப் புத்தகத்து வசந்தத்தைச் சொல்லித் தந்துவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்சவேணி அப்படிப் போகிறவள் இல்லை. இந்த மலையின் வசந்தத்தைத்தான் சொல்லித் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தப் பிடிவாதத்துக்கு அவள் விலை கொடுக்கவில்லை. கொடுத்தவர் வேறு ஒருவர்.

அவள் அந்த மலையிலேயே குண்டூர் நாட்டில் பிறந்தவள். ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பி.எட். முடித்து, கீழே சமவெளிப் பள்ளிகளில் அறிவியல் டீச்சராக வேலை பார்த்தாள். பிறகு தன் மலைக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். தண்டனைக்கு அனுப்புகிற ஊருக்கு ஒருத்தி மனு போட்டுப் போகிறாளே என்று. கணவர் ராசப்பன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் இருந்தார். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போவார். மீதி நாளெல்லாம் அவளுக்குப் பள்ளிக்கூடம்தான் குடும்பம்.

குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. ஆனாலும் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். நாலு சுவருக்குள் உட்கார வைக்காத ஒரே டீச்சர் அவள்தான். எந்த ஊற்று முதலில் இளைக்கிறது, காப்பிச்செடி எந்த மழைக்குப் பூக்கிறது, சவுக்கு மரத்தில் எந்தக் குருவி கூடு கட்டுகிறது என்று பார்த்துவரச் சொல்வாள். பார்த்து வந்ததை வகுப்பில் எழுந்து நின்று சொல்லவேண்டும். மூக்கொழுகுகிற பையன்கூட அந்த நேரத்தில் அதிகாரி மாதிரி நிமிர்ந்து நிற்பான்.

தலைமையாசிரியர் தனபால் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிக்காரர். தினமும் பஸ்ஸில் ஏறி வருவார், வளைவுகள் முடிவதற்குள் இரண்டு தூக்கம் போட்டுவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்கு ஒரு விருது வாங்கிவிட்டு ஓய்வு பெறவேண்டும் என்பது மட்டும் அவருடைய ஆசை. வருடா வருடம் வன நாளுக்கு வரிசையாகக் குழி வெட்டி, கன்று நட்டு, படம் எடுத்து மேலே அனுப்புவார். சித்திரைக்குள் குழி மட்டும் இருக்கும்.

"காஞ்ச பங்குனியில செடி நடறது நடவாங்க சார்? அது செடிக்குச் செய்யற கருமாதி" என்று அம்சவேணி ஒருமுறை அவரிடம் சொன்னாள்.

"அப்ப நீங்களே எதாவது செய்யுங்க. படம் மட்டும் வந்துரோணும்" என்றார் அவர்.

அந்த வருட வன நாளுக்கு மேலிடத்திலிருந்து வந்த தலைப்பு காட்டுத் தீ. மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் தட்டி பிடித்துக்கொண்டு, தீ வைக்காதே, தீ வைக்காதே என்று தெருத்தெருவாகக் கத்தினார்கள். யாரைப் பார்த்துக் கத்தினார்கள்? தங்கள் அப்பனையும் ஆத்தாளையும் பார்த்துத்தான். அம்சவேணிக்கு அது பொறுக்கவில்லை. நம் சனங்களுக்குத் தீயை வைக்கவும் தெரியும், நிறுத்தவும் தெரியும். அதைப் பிள்ளைகளே படம் பிடித்துக் காட்டட்டும் என்று முடிவு செய்தாள்.

பள்ளியைச் சுற்றியிருந்த ஊர்களில் அதற்கு ஒரு முறை உண்டு. சாமை விதைக்குமுன் சரிவு நிலத்தில் முளைத்த புதரை வெட்டிக் காயப்போடுவார்கள். கொளுத்துகிற நாளை ஊர்க்கவுண்டரிடம் சொல்லவேண்டும். சொன்னால் வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும். சுற்றிலும் சருகைக் கூட்டித் தரை தெரியத் தடம் வெட்டுவார்கள். காற்று எழும்பாத விடிகாலையில், பச்சைத் தழையைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். நிலத்துக்காரர் மேல் விளிம்பில் தீயை வைப்பார். தீ கீழ்நோக்கி மெதுவாக ஊர்ந்து இறங்கும். தடம் தாண்டி ஒரு பொறி விழுந்தால் நாலு தழை அதன்மேல் விழும்.

இதில் பெரிய விஷயம் தழை இல்லை, பேச்சு. முடிந்தபின் யார் வைத்த தீ என்று எவர் கேட்டாலும், ஊர் வைத்தது என்பதுதான் பதில். வைத்தவன் பெயரைச் சொல்லக்கூடாது. தப்பிப்போனால் பழி ஒரு தலையில் விழக்கூடாது என்பதற்காக எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. வனத்துறை அதிகாரிகள் வந்து கேட்டாலும் ஊரே அதைத்தான் சொல்லும். அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜீப்பைத் திருப்புவார்கள்.

இது அம்சவேணிக்குத் தெரியாதா? அவள் அப்பாவே அப்படித் தீ வைத்தவர்தான். படிப்பு ஏற ஏற ஊர்ப்புத்தி இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவள் மறந்துபோனாள், அவ்வளவுதான். அறிவியலில் பெயரும் இடமும் இல்லாத தகவல் தகவலே இல்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. வாட்ஸாப்பில் பிள்ளைகளுக்கென்று ஒரு குரூப் தொடங்கியபோதும் அதையே சொன்னாள்: "படம் போட்டா யாரு, எங்கேன்னு எழுதோணும். சும்மா போட்டா நான் பாக்கவே மாட்டேன்."

ஒன்பதாம் வகுப்பு யமுனா அம்மா மாதம்மாளின் போனில் படம் எடுத்துப் போட்டாள். அவளுடைய அப்பா சின்னையன் தீப்பந்தத்தோடு குனிந்து நிற்கிறார். பின்னால் புகை. முகம் தெளிவாக விழுந்திருந்தது. சுற்றி நின்ற ஊர்க்காரர்களும் தழைகளும் படத்துக்குள் வரவில்லை. அப்பாவை மட்டும் அழகாக எடுக்கவேண்டும் என்று மகளுக்கு ஆசை. "எங்க அப்பா சின்னையன் எங்க நெலத்துல தீ வைக்கிறார்" என்று கீழே எழுதியிருந்தாள். தடம் வெட்டியதையும் தழை பிடித்ததையும் தனியாகத் தன் குரலில், மூச்சு வாங்க வாங்கச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்சவேணிக்கு ஒரு நொடி உறுத்தியது. பெயரைப் போட்டுவிட்டாளே என்று. அந்த உறுத்தலை ஒதுக்கிவிட்டு, கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். அந்த நொடியைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்து நொந்துகொண்டாளோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

தனபாலுக்குப் படம் பிடித்துப்போயிற்று. குரலை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? படத்தை மட்டும் எடுத்து, 'காட்டுத் தீக்கு எதிராக எங்கள் மாணவர்களின் கண்கள்' என்று தலைப்புக் கொடுத்து அதிகாரிகள் குரூப்புக்கு அனுப்பினார். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது.

அந்த வாரக் கடைசியில் மலை பற்றிக்கொண்டது. சின்னையன் நிலத்துக்குப் பக்கத்தில் இல்லை. நடுவே ஒரு ஓடை தாண்டி, புதிதாக வந்திருந்த மேகவாசல் ரிசார்ட்டுக்குப் பின்னாலிருந்த சரிவில். உச்சிவெயிலில், காற்று சுழன்றடிக்கும் நேரத்தில் கிளம்பிய தீ மறுநாள்தான் அடங்கியது. காட்டுக்கோழி முட்டையோடு வெந்தது. சவுக்கு மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடிகள் கருகித் தொங்கின. பிள்ளைகள் பள்ளி வராந்தாவில் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள்.

ஏழாம் வகுப்பு சுபாஷ் அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னான். அவனுடைய அம்மா பழனியம்மாள் அந்த ரிசார்ட்டில் கூட்டிப் பெருக்குகிறவள். அவளைப் பார்க்கப் போயிருந்தான்.

"அங்க பின்னாடி குழியில குப்பையப் போட்டுக் கொளுத்துனாங்க டீச்சர். தட்டு, டம்ளர், பாட்டில் எல்லாம். காத்துல பறந்து போயி புல்லுல விழுந்துச்சு. நான் பாத்தனுங்க."

அம்சவேணி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். இதையும் எழுதவேண்டும் என்று நினைத்தாள். எழுதுவதற்குள் வனத்துறைக்காரர்கள் சின்னையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மேலிருந்து நெருக்கியிருப்பார்கள். சரிவு முழுக்க எரிந்தால் ஒரு பெயராவது வேண்டாமா? கையில் படம் இருந்தது, படத்தில் முகம் இருந்தது, கீழே பெயரும் இருந்தது. மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த மனிதரிடம் வந்து போனை நீட்டி, "இது நீதானே? தீ வெச்சது நீதானே?" என்று கேட்டார்கள்.

சின்னையன் பொய் சொல்லிப் பழகாதவர். "ஆமாங்க, நான்தான். எங்க நெலத்துலீங்க. ஊரே நின்னு பாத்துச்சுங்க" என்றார். ஆமாங்க என்றதை எழுதிக்கொண்டார்கள். மிச்சத்தை எழுதவில்லை.

மறுநாள் யமுனா பள்ளிக்கு வந்தாள். அழவில்லை. நேராக அம்சவேணியிடம் வந்து, "டீச்சர், அந்தப் படத்தை அழிச்சிருங்க. அழிச்சா அப்பாவை உட்ருவாங்க" என்றாள்.

அம்சவேணி அவள் கண்முன்னாலேயே அழித்தாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ஜில்லா முழுக்கச் சுற்றிவந்த படத்தை ஒரு போனில் அழித்தால் என்ன, அழிக்காவிட்டால் என்ன? ஆனால் அந்தப் பெண் நம்பிக்கொண்டு, சரிங்க டீச்சர் என்று போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஊர்க்கவுண்டர் காளியண்ணன் ஆண் பெண் எல்லாரையும் கூட்டிக்கொண்டு செம்மேட்டு வனத்துறை ஆபீசுக்குப் போனார். அம்சவேணியும் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

"அது சின்னையன் வெச்ச தீ இல்லீங்க சாமி. ஊர் வெச்ச தீ. நாங்க அத்தனை பேரும் நின்னமுங்க" என்றார் காளியண்ணன்.

அதிகாரி இளவயது. களைத்திருந்தார். "அப்ப ஊரையே உள்ள தள்ளட்டுமா?" என்று கேட்டார்.

காளியண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "தள்ளுங்க. வாரோம்" என்றார். பின்னால் நின்றவர்களும் வாரோம் என்றார்கள். அதிகாரி சிரித்துவிட்டார். அவர்கள் சிரிப்புக் காட்ட வரவில்லை என்பது அவருக்குப் புரியவே இல்லை.

அம்சவேணிக்கு நாற்காலி கிடைத்தது. டீச்சர் அல்லவா. படம் எடுத்தது முன்னாலேயே, இடம் ஓடைக்கு இந்தப் பக்கம், எரிந்தது அந்தப் பக்கம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எழுதிக் குடுங்க மேடம், வெச்சுக்கறேன். ஆனா தீ எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கு வேணும். ரிசார்ட்டுன்னு சொல்றீங்க. பாத்தது யாரு?"

"எங்க பள்ளிக்கூடத்துப் பையன்."

"பேரு? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. வாக்குமூலம் வாங்கிக்கலாம். அப்பறம் கோர்ட்டுலயும் வந்து சொல்லணும். சொன்னா இவரை நாளைக்கே உட்ருவேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் சேர்த்துவைக்கிற ஒரு பெயர் அவள் நாக்கு நுனியில் இருந்தது. நாளைக்குக் கூட்டிவருகிறேன் என்று எழுந்தாள்.

அன்று சாயங்காலமே பழனியம்மாள் அவள் வீட்டு வாசலில் நின்றாள். சேதி எப்படிப் போனதோ, மலையில் சேதிக்கு பஸ் வேண்டியதில்லை.

"ஏனுங்க டீச்சர், எம் பையன் பேரை இழுத்துராதீங்க."

"பழனியம்மா, அங்க ஒரு மனுசன் செய்யாத தப்புக்கு உள்ள இருக்காரு."

"எனக்குத் தெரியாதுங்களா? எங்க ஊட்டுச் சுவரு இடிஞ்சப்ப மண்ணுக் கொழைச்சுக் கட்டிக் குடுத்தவருங்க அவரு." அவள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். "அந்த வேலை போச்சுன்னா நான் மறுபடி செங்கச்சூளைக்குத்தான் போவோணும். இவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போவோணும், உட்டுட்டுப் போக ஆளில்லை. அவரு வெளிய வாரதுக்கு எம் பையன் சூளைக்குப் போவோணுமுங்களா? நீங்களே சொல்லுங்க."

ஒரு பெயரை எழுதவைத்து ஒரு வீட்டைக் கெடுத்தாயிற்று. இன்னொரு பெயரை எழுதி இன்னொரு வீட்டையும் கெடுக்கலாமா என்று அம்சவேணிக்கு உள்ளே ஒரு கேள்வி. கெடுக்காவிட்டால் சின்னையன் கதி என்ன என்று அதன் தலையில் ஏறி உட்கார்ந்த இன்னொரு கேள்வி. செய்தது சரியா தப்பா என்று சொல்வது தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எளிது. அவள் மறுநாள் தனியாகத்தான் செம்மேட்டுக்குப் போனாள். பையன் பயப்படுகிறான் என்றாள். அதிகாரி, "பரவால்லீங்க மேடம்" என்று அவள் எழுதிக்கொடுத்ததை வாங்கிக் கண்ணாடி உருண்டைக்கு அடியில் வைத்தார்.

சின்னையன் ஜாமீனில் வரும்போது முதல் மழை பெய்து முடிந்திருந்தது. ஊர் முழுக்கச் சாமை விதைத்திருந்தது. அவர் நிலம் மட்டும் எரித்த கரியோடு அப்படியே கிடந்தது. காளியண்ணன் ஆளனுப்பி விதைக்கச் சொன்னார். மாதம்மாள், அவர் வராமல் விதை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வந்தவரோ பீடிக்குக்கூட நெருப்பு வைப்பதில்லை. வாய்தாவுக்கு வாய்தா நாமக்கல் பஸ் ஏறுவதுதான் அவருக்கு வேலையாகிப் போனது. வழியில் அம்சவேணியைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்பார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

ஆடி மாதத்தில் காட்டுத் தீத் தடுப்பு ஆலோசனைக் கூட்டம் வைத்தார்கள். எங்கே? மேகவாசல் ரிசார்ட்டில்தான். பெரிய கூடம், ஏ.சி., கோழி பிரியாணி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ரிசார்ட்டு முதலாளியே சந்தன மாலையோடு வரவேற்றார். பள்ளிப் பிள்ளைகள் வாழ்த்துப் பாடினார்கள். பாடிய வரிசையில் யமுனாவும் நின்றாள். நல்ல குரல் என்று தனபால் போட்டிருந்தார். அவருக்கு அது உறைக்கவில்லை.

பசுமைப் பள்ளி விருது அறிவித்தார்கள். திரையில் படங்கள் ஓடின. ஊற்று, காப்பிப்பூ, குருவிக்கூடு. பிறகு சின்னையன். பந்தத்தோடு, புகையோடு, ஆள் உயரத்துக்கு. கீழே 'விழிப்புள்ள கண்கள்' என்று இருந்தது. கூடம் கைதட்டியது.

வழிகாட்டிய ஆசிரியை என்று அம்சவேணியைக் கூப்பிட்டார்கள். அவள் இதற்காகவே வந்திருந்தாள். மைக் கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று ராசப்பனிடம்கூடச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். "வேலை போனாப் போவுது, பேசு" என்று அவரும் சொல்லியிருந்தார். மேடை ஏறினாள். சால்வை போர்த்தினார்கள். மைக்கை வாங்கி நிமிர்ந்தபோது கூடத்தின் ஓரத்தில் பழனியம்மாள் தெரிந்தாள். தண்ணீர் பாட்டில் தட்டோடு, ரிசார்ட்டு கொடுத்த நீலச் சேலையில், அசையாமல் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் நன்றிங்க" என்றாள் அம்சவேணி. அவ்வளவுதான் வந்தது. இறங்கும்போது யமுனா அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சால்வையைக் கொண்டுவந்து பீரோவில் திணித்தாள். அதற்குப்பிறகு அவள் குரல் இறங்கிப்போயிற்று. பாடம் நடத்தினாள், பரீட்சை வைத்தாள், பிள்ளைகளும் எழுதினார்கள். குரூப்பில் யாரும் எதுவும் போடுவதில்லை. மழைக்காலம் போனது, பனி போனது. சுபாஷ் எட்டாவதுக்கு வந்திருந்தான். சூளைக்குப் போகவில்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுபடியும் பங்குனி வந்தது. ஒருநாள் இரண்டாம் பீரியடில், பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் புகை தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். கோயில் காடு. செருப்புக் காலோடு யாரும் போகாத, காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்காத காடு. மேற்கு ஓரம் முழுக்க ஏற்கெனவே கருத்திருந்தது. இப்போது வைத்த தீ இல்லை, விடிந்ததிலிருந்து எரிந்திருக்கவேண்டும். பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு வருகிறவர்கள்.

"காலையில வரும்போது யாரும் பாக்கலையா?" என்று கேட்டாள்.

எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் இன்னொரு முறை கேட்டாள். யமுனா எழுந்து நின்றாள்.

"எல்லாரும் பாத்தமுங்க டீச்சர்."

"பாத்துட்டா பேசாம வந்து உக்காந்திருக்கீங்க? அப்பவே சொல்லியிருந்தா அணைச்சிருக்கலாமே. ஏன் கண்ணு சொல்லல?"

"சொன்னா யாரைப் புடிச்சுட்டுப் போவாங்கன்னு தெரியாதுங்களே" என்றாள் யமுனா. மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்சவேணி போனை எடுத்தாள். தீயணைப்புக்குச் சொல்லலாம், அதிகாரிக்குச் சொல்லலாம். நீங்கள் யார், முதலில் பார்த்தது யார் என்று கேட்பார்கள். வகுப்பைப் பார்த்தாள். அத்தனை பிள்ளைகளும் இப்போது தலை நிமிர்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.